ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ வலையமைப்பு: 1873 முதல் 1996 வரை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ வலையமைப்பு என்பது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பால்டிமோர் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கல்விசார் மருத்துவ அமைப்பாகும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியும், அதே பெயர் கொண்ட மருத்துவமனையும், அதனுடன் இணைந்த பிற மருத்துவ நிலையங்களும் 1996 ஆம் ஆண்டில் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவரப்பட்டன. ஆனால் இந்த இணைப்பு பற்றிய எண்ணம் அதற்கு 123 ஆண்டுகள் முன்பே ஒரு கடிதத்தில் எழுதப்பட்டிருந்தது. மருத்துவமனை முடிவில் மருத்துவக் கல்லூரியின் ஓர் அங்கமாக வேண்டும், ஏழை நோயாளிகளுக்கு நிற வேறுபாடு பாராமல் மருத்துவம் செய்ய வேண்டும் என்னும் இரண்டு விருப்பங்களும் அக்கடிதத்தில் இருந்தன. இவ்விரண்டும் எவ்வளவு காலம் கழித்து, எவ்வளவு தூரம் நிறைவேறின என்பதே இந்நிறுவனத்தின் வரலாறு.

கல்விசார் மருத்துவ அமைப்பு

நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தல், மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தல், நோய்களைப் பற்றி ஆராய்தல் ஆகிய மூன்று பணிகளையும் ஒருங்கே செய்யும் நிறுவனம் கல்விசார் மருத்துவ அமைப்பு எனப்படும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று துணை செய்பவை. ஆயினும் இவற்றின் தேவைகள் வேறு வேறானவை. மருத்துவமனைக்கு அன்றாட வரவு செலவு முக்கியம். கல்லூரிக்குப் பேராசிரியர்களின் நேரம் முக்கியம். ஆராய்ச்சிக்கோ பலன் எப்போது கிடைக்கும் என்று தெரியாத செலவு தேவைப்படுகிறது. ஆகவே இவற்றை யார் நிருவகிப்பது, ஒன்றின் வருவாயை மற்றொன்றுக்கு எப்படிப் பகிர்வது என்ற கேள்விகள் இத்தகைய எல்லா அமைப்புகளிலும் எழுகின்றன.

வணிகரின் கடிதம்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1795 ஆம் ஆண்டு மேரிலாந்தில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்த குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தார். 17 வயதில் பால்டிமோருக்கு வந்து, தம் சிற்றப்பாவின் மளிகை வணிகத்தில் வேலை கற்றார். பின்னர் சொந்தமாக வணிகம் செய்தும், வங்கித் தொழிலில் ஈடுபட்டும், பால்டிமோர் ஒகையோ ரயில் நிறுவனத்தில் முதலீடு செய்தும் பெருஞ்செல்வம் சேர்த்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1867 ஆம் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்தையும் ஒரு மருத்துவமனையையும் நிறுவுவதற்காக இரண்டு அறக்கட்டளைகளைப் பதிவு செய்தார். 1873 டிசம்பர் 24 அன்று அவர் இறந்தபோது இவ்விரண்டுக்குமாக ஏறத்தாழ 70 இலட்சம் டாலர் சொத்து கிடைத்தது. அது இரண்டுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது.

இறப்பதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 1873 மார்ச் மாதத்தில், மருத்துவமனையின் அறங்காவலர்களுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நகரத்து ஏழை நோயாளிகளைப் பால், வயது, நிறம் பாராமல் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்று வேண்டும். ஆதரவற்ற கறுப்பினக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைக்க வேண்டும். மருத்துவமனை இறுதியில் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் பகுதியாக வேண்டும் என்பவை அதில் இருந்த முக்கிய அறிவுரைகள். அக்கால அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுள் பெரும்பாலானவை சில மருத்துவர்கள் சேர்ந்து மாணவர் கட்டணத்துக்காக நடத்திய தனியார் தொழில்களாகவே இருந்தன. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே பட்டம் பெற்றவர்களும் உண்டு. அந்நிலையில் மருத்துவமனையையும் கல்லூரியையும் இணைக்கச் சொன்னது புதுமையான கருத்தாகும்.

ஹாப்கின்ஸ் அடிமை முறையை எதிர்த்தவர் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2020 டிசம்பரில் பல்கலைக்கழகமே வேறொரு செய்தியை வெளியிட்டது. 1840, 1850 ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருடைய வீட்டில் அடிமைகள் இருந்ததாகப் பதிவாகியுள்ளது என்பதே அச்செய்தி. அப்பதிவுகளுக்கு என்ன பொருள் கொள்வது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

இரட்டைப் பிள்ளைகள்

பல்கலைக்கழகம் 1876 ஆம் ஆண்டில் டேனியல் கோயிட் கில்மனைத் தலைவராகக் கொண்டு திறக்கப்பட்டது. மருத்துவமனையின் கட்டடத் திட்டத்தை வகுத்தவர் அமெரிக்க இராணுவ மருத்துவரான ஜான் ஷா பில்லிங்ஸ். அறங்காவலர்கள் மூலதனத்தைத் தொடாமல் அதன் வருவாயிலிருந்தே செலவு செய்ததால் கட்டட வேலை 12 ஆண்டுகள் நீடித்தது. 1889 மே 7 அன்று மருத்துவமனை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது.

ஆனால் இவை இரண்டையும் இணைக்க வேண்டிய மருத்துவக் கல்லூரி தொடங்கப்படவில்லை. பல்கலைக்கழகத்தின் பங்கு பெரும்பாலும் பால்டிமோர் ஒகையோ ரயில் நிறுவனப் பங்குகளாக இருந்தது. 1880களின் பிற்பகுதியில் அந்நிறுவனம் நலிவுற்று ஆதாயப் பங்கு கொடுப்பதை நிறுத்தியது. மருத்துவமனையிடம் பணம் இருந்தது. ஆனால் அது வேறு அறக்கட்டளையின் பணம். ஒரே மனிதர் உருவாக்கிய, பெரும்பாலும் ஒரே அறங்காவலர்களைக் கொண்ட இரண்டு நிறுவனங்களில், ஒன்று நோயாளிகளை ஏற்கத் தயாராக இருக்க, மற்றொன்று பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றது.

பெண்கள் திரட்டிய நிதி

இந்த இக்கட்டைத் தீர்த்தவர்கள் பெண்கள். மேரி எலிசபெத் கேரட், கேரி தாமஸ், மேரி குவின், எலிசபெத் கிங் ஆகிய நான்கு தோழியர் முன்னின்று பெண்கள் நிதிக்குழு ஒன்றை அமைத்தனர். நால்வரும் அறங்காவலர்களின் புதல்வியர். ரயில் நிறுவனத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்த ஜான் கேரட்டின் மகளே மேரி கேரட் ஆவார். அமெரிக்காவின் பல நகரங்களில் கிளைகள் அமைத்து, 1890 ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 1 இலட்சம் டாலர் திரட்டினர். ஆண்களுக்குச் சமமான நிபந்தனைகளில் பெண்களையும் சேர்த்துக்கொண்டால் மட்டுமே இப்பணம் தரப்படும் என்றனர். அறங்காவலர்கள் அதை ஏற்றுக்கொண்டாலும், கல்லூரியைத் தொடங்க 5 இலட்சம் டாலர் தேவை என்று கூறிவிட்டனர்.

1892 டிசம்பரில் மேரி கேரட் எஞ்சிய 3,06,977 டாலரைத் தாமே தர முன்வந்தார். அதனுடன் மேலும் சில நிபந்தனைகளை விதித்தார். கல்லூரியில் சேர்பவர் முதலில் இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அறிவியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்நாளில் எந்த அமெரிக்க மருத்துவக் கல்லூரியும் இவ்வளவு கேட்கவில்லை. நல்லவேளை நாம் ஆசிரியர்களாக வந்தோம், மாணவர்களாக வந்திருந்தால் இடம் கிடைத்திருக்காது என்று பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் தம் நண்பரிடம் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவர். 1893 அக்டோபரில் கல்லூரி 18 மாணவர்களுடன் தொடங்கியது. அவர்களுள் மூவர் பெண்கள்.

நோயாளியின் படுக்கையருகே வகுப்பு

தொடக்கக் காலப் பேராசிரியர்களுள் நால்வர் பெரும்புகழ் பெற்றனர். நோய்க்குறியியலில் வில்லியம் வெல்ச், பொது மருத்துவத்தில் ஆஸ்லர், அறுவை மருத்துவத்தில் வில்லியம் ஹால்ஸ்டெட், பெண்நோய் மருத்துவத்தில் ஹோவர்ட் கெல்லி ஆகியோரே அவர்கள். மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளை ஆய்வகத்திலும் அடுத்த இரண்டு ஆண்டுகளை மருத்துவமனைக் கூடங்களிலும் கழித்தனர். ஆஸ்லர் மாணவர்களை நோயாளிகளிடம் அழைத்துச் சென்று, நோய் வரலாறு கேட்கவும், உடலைச் சோதிக்கவும், குறிப்பெழுதவும் செய்தார். பட்டம் பெற்ற பின்னும் இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கிச் சில ஆண்டுகள் பயிலும் உறைவிட மருத்துவர் முறை, ஜெர்மானிய முன்மாதிரியைத் தழுவி இங்கு வளர்ந்தது. இன்று பல நாடுகளில் அது வழக்கமாக உள்ளது.

மருத்துவமனையும் கல்லூரியும் நெருங்கியிருந்ததன் பயனுக்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு அறுவைக் கையுறை. கிருமிநாசினியால் கைத்தோல் புண்பட்ட செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்காக, ஹால்ஸ்டெட் ரப்பர் நிறுவனம் ஒன்றிடம் சொல்லி மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். கையைக் காக்க வந்த கையுறை நோயாளியையும் தொற்றிலிருந்து காக்கிறது என்பது பின்னரே உணரப்பட்டது.

பிளெக்ஸ்னர் அறிக்கையும் அதன் விலையும்

1910 ஆம் ஆண்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடா நாடுகளிலிருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிய அறிக்கையைக் கார்னகி அறநிறுவனத்தின் சார்பில் வெளியிட்டார். அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். அக்கல்லூரியையே அவர் அளவுகோலாகக் கொண்டார். அதன் பிறகு தரங்குறைந்த கல்லூரிகள் பல மூடப்பட்டன. ராக்ஃபெல்லர் அறநிதி போன்றவை பல்கலைக்கழகம் சார்ந்த கல்லூரிகளுக்குப் பெருமளவில் பணம் வழங்கத் தொடங்கின. 1916 ஆம் ஆண்டில் அந்நிதியின் உதவியால் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரக் கல்லூரியும் நிறுவப்பட்டது.

இந்தச் சீர்திருத்தத்தால் மருத்துவக் கல்வியின் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்போதிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளுள் ஐந்து மூடப்பட்டன. வெள்ளையர் கல்லூரிகளுள் பல கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதில்லை. எனவே கறுப்பின மக்களுக்கு மருத்துவராகும் வாய்ப்பு மேலும் குறுகியது.

கடிதத்தின் மற்றொரு விருப்பம்

நிறம் பாராமல் மருத்துவம் செய்ய வேண்டும் என்ற அறிவுரையின்படி கறுப்பின நோயாளிகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆனால் அவர்களுக்கெனத் தனிக் கூடங்கள் இருந்தன. 1951 ஆம் ஆண்டில் 30 வயதான ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக இங்கு வந்தார். அவருடைய ஒப்புதல் பெறாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகின. ஹீலா எனப்படும் அவ்வுயிரணுக்கள் போலியோ தடுப்பூசி ஆய்வு முதல் பல ஆராய்ச்சிகளுக்குப் பயன்பட்டன. அவர் அவ்வாண்டு அக்டோபரில் இறந்தார். அவருடைய குடும்பத்தினருக்குப் பல ஆண்டுகள் வரை இது தெரியாது. ஒப்புதல் கேட்கும் வழக்கமே அக்காலத்தில் பரவலாக இல்லை என்றாலும், மருத்துவமும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்கும்போது நோயாளியின் உரிமையை யார் காப்பது என்ற கேள்விக்கு இந்நிகழ்ச்சி இன்றும் எடுத்துக்காட்டாக உள்ளது.

விவியன் தாமஸின் வரலாறும் இதனோடு சேர்த்து அறியத்தக்கது. தச்சு வேலை கற்ற இக்கறுப்பின இளைஞர், கல்லூரிப் படிப்புக்குச் சேமித்த பணத்தைப் பொருளாதாரப் பெருமந்தத்தில் இழந்து, அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளாலாக்கின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறவி இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழி தேடியவர் குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக். அதற்கான அறுவை முறையை விலங்குகளில் செய்து செம்மைப்படுத்தியவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று ஒரு குழந்தைக்கு முதல் அறுவை நடந்தபோது, பிளாலாக்கின் பின்னால் ஒரு சிறு முக்காலியில் நின்று தாமஸ் வழிகாட்டினார். அந்த அறுவை முறைக்கு நெடுங்காலம் மற்ற இருவரின் பெயரே வழங்கியது. பல்கலைக்கழகம் தாமஸுக்கு 1976 ஆம் ஆண்டில் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. மருத்துவக் கல்லூரியிலிருந்து கறுப்பின மாணவர் முதன்முதலில் பட்டம் பெற்றது 1967 ஆம் ஆண்டில்தான்.

1996 இணைப்பு

நெருங்கிப் பணிபுரிந்தாலும், பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் சட்டப்படி இரு நிறுவனங்களாகவே தொடர்ந்தன. கல்லூரி முதல்வர் பல்கலைக்கழகத்துக்கும், மருத்துவமனைத் தலைவர் மருத்துவமனை அறங்காவலர்களுக்கும் பொறுப்பானவர்கள். ஒரே மருத்துவர் காலையில் மருத்துவமனையிலும் மாலையில் கல்லூரியிலும் வேலை செய்தார்.

பணம் தாராளமாக வந்தவரை இது பெரிய சிக்கலாகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடுவண் அரசின் ஆராய்ச்சி மானியங்கள் பெருகின. 1965 ஆம் ஆண்டில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு வந்தபின் மருத்துவமனைகளின் கற்பித்தல் செலவுக்கும் அதிலிருந்து பங்கு கிடைத்தது. 1980களிலும் 1990களிலும் நிலைமை மாறியது. காப்பீட்டு நிறுவனங்கள் செலவைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. தங்கள் உறுப்பினர்களைக் கட்டணம் குறைந்த மருத்துவமனைகளுக்கு அனுப்பின. மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே மருத்துவம் செய்யும் இடத்தில் நேரமும் செலவும் கூடுதல். சிக்கலான நோயாளிகளும் ஏழை நோயாளிகளும் அங்கேதான் மிகுதி. காப்பீட்டு நிறுவனங்களோடு பேரம் பேச ஒரே குரலும், சாதாரண நோயாளிகள் வந்துசேரப் புறநகர் மருத்துவமனைகளும் தேவைப்பட்டன.

இதற்கான முதற்படியாக 1984 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகராட்சியின் மருத்துவமனை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது இன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேவியூ மருத்துவ மையம் எனப்படுகிறது. 1986 ஆம் ஆண்டில் மருத்துவமனைகளை ஒருங்கிணைக்கத் தனி நிறுவனம் அமைந்தது. 1996 ஆம் ஆண்டில் கல்லூரியும் மருத்துவமனைகளும் ஒரே அமைப்பாயின. மருத்துவக் கல்லூரியின் முதல்வரே முழு வலையமைப்புக்கும் தலைமை அலுவலர் என்று விதி செய்யப்பட்டது. மயக்க மருந்தியல் வல்லுநரான எட்வர்ட் மில்லர் 1997 ஆம் ஆண்டில் அப்பொறுப்பை ஏற்ற முதல்வர் ஆனார். பின்னர் ஹோவர்ட் கவுண்டி பொது மருத்துவமனை 1998 ஆம் ஆண்டிலும், சபர்பன் மருத்துவமனை 2009 ஆம் ஆண்டிலும், வாஷிங்டனின் சிப்லி நினைவு மருத்துவமனை 2010 ஆம் ஆண்டிலும், புளோரிடாவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று 2011 ஆம் ஆண்டிலும் இணைந்தன.

மதிப்பீடு

பிற நாடுகளும் இத்தகைய இணைப்புகளை மேற்கொண்டன. இலண்டனில் இம்பீரியல் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைகள் 2007 ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் 2008 ஆம் ஆண்டிலும் ஒரே அமைப்பாகச் சேர்ந்தன.

ஹாப்கின்ஸின் இரு விருப்பங்களையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரிகிறது. கல்லூரியையும் மருத்துவமனையையும் இணைக்கும் விருப்பம் பண நெருக்கடி வந்தபோது நிறைவேறியது. ஏழைகளையும் கறுப்பின மக்களையும் சமமாக நடத்தும் விருப்பத்துக்கு அத்தகைய நெருக்கடி எதுவும் துணை செய்யவில்லை. பெண்களுக்கு இடம் கிடைத்ததும் நிதி தந்தவர்கள் அதை நிபந்தனையாக எழுதி வாங்கியதால்தான். பால்டிமோரின் கிழக்குப் பகுதியில், வசதி குறைந்த குடியிருப்புகளின் நடுவே, 1889 ஆம் ஆண்டுக் கட்டடத்தின் குவிமாடம் இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றி வாழும் மக்களை வலையமைப்பு எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டே அக்கடிதம் எவ்வளவு நிறைவேறியது என்று கணக்கிட முடியும்.