காத்திருக்கும் செய்தியும் அதன் பொறுப்பும்: சேலம் – நாமக்கல் சமவெளியில் தந்தி முதல் ஃபாஸ்டேக் வரை

முன்னுரை

அனுப்பியவரின் கையை விட்டு நீங்கி, பெறுநரின் கையை இன்னும் அடையாத செய்தி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பது வணிகமும் சட்டமும் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் வினா. அவ்வாறு இடையில் நிற்கும் செய்திகளைத் தேக்கிவைத்து முறைப்படி அனுப்பும் மென்பொருளை இன்றைய கணினியியல் ‘செய்தி வரிசை’ என்கிறது. பல கணினிகள் ஒருங்கியங்கும் கிளஸ்டரில் அது நிறுவப்படுகிறது. ஒரு செய்தி எத்தனை நாள் தங்கலாம், அதற்கு எத்தனை படிகள் இருக்க வேண்டும், பெறப்படாவிடில் எத்தனை முறை திரும்ப அனுப்பலாம் என்பவற்றை மேகக் கணிமை நிறுவனத்தின் கன்சோல் திரையில் ஒரு பொறியாளர் எண்களாக நிரப்புகிறார். தொழில்நுட்பத் தெரிவுகளாகத் தோன்றும் இவ்வெண்கள், இழப்பை யார் ஏற்பது என்ற தீர்ப்பையும் உள்ளடக்கியவை. சேலம், நாமக்கல் சமவெளியின் லாரித் தொழிலை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

தந்திச் சட்டமும் டிரங்க் அழைப்பும்

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை 1861இல் சேலத்தை எட்டியது. நிலையம் நகருக்கு வெளியே சூரமங்கலத்தில் அமைந்தது. நாமக்கல் நகரோ 2013 மே மாதம் சேலம் – நாமக்கல் – கரூர் பாதை திறக்கப்படும் வரை ரயிலைக் காணவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ரயில் வந்த ஆண்டிலேயே தந்தி விடைபெற்றது என்பது தற்செயலே. ஆயினும் இந்நிலப்பகுதி தண்டவாளத்தை விடச் சாலையையும் செய்தியையும் நம்பி வளர்ந்தது என்பதற்கு அது பொருத்தமான அடையாளம்.

தந்தியும் ஒரு வரிசையே. படிவத்தில் எழுதப்பட்ட செய்தி, கம்பி ஓய்வாகும் வரை அலுவலகத்தில் காத்திருந்தது. இடைநிலை அலுவலகத்தில் மீண்டும் எழுதப்பட்டு மேலே அனுப்பப்பட்டது. கூடுதல் கட்டணம் செலுத்திய விரைவுத் தந்தி, சாதாரணத் தந்தியை முந்தியது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் இவ்வரிசையின் விதிகளுக்கு அடித்தளம் இட்டது. தந்திகளையும் அவை சார்ந்த ஆவணங்களையும் எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டும் என விதி வகுக்கும் அதிகாரத்தை அதன் 7ஆம் பிரிவு அரசுக்கு அளித்தது. 9ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. செய்தியைப் பெறுவதிலோ அனுப்புவதிலோ சேர்ப்பதிலோ ஊழியர் கடமை தவறினால் விளையும் இழப்புக்கு அரசு பொறுப்பாகாது என்றது அது. கவனக்குறைவு, தீய நோக்கம், மோசடி ஆகியவற்றால் இழப்பை விளைவித்த ஊழியர் மட்டுமே பொறுப்பாளர். சுருங்கச் சொன்னால், காத்திருக்கும் செய்தியின் இழப்பு அதற்குக் காசு கொடுத்தவர் தலையில் விழுந்தது.

தொலைபேசியின் டிரங்க் அழைப்பும் இம்முறையைத் தொடர்ந்தது. சாதாரணம், அவசரம், மின்னல் எனக் கட்டணத்திற்கேற்ப முன்னுரிமை ஏறியது. பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்தவர்களின் வரிசையை நிலையத்தின் இயக்குநர் ஆண்டார். கூண்டு கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர்கள், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகள், முட்டை லாரிகள் என விரிந்த இப்பகுதித் தொழிலில் உரிமையாளர் ஊரிலும் வண்டி தொலைமாநிலத்திலும் இருப்பதே இயல்பு. எனவே செய்தியின் தாமதம் இங்கு வெறும் அசௌகரியம் அன்று. அது நேரடியான செலவு.

மென்பொருளாக மாறிய வரிசை

1980களில் விவேக் ரணதிவேயின் டெக்னெக்ரான் நிறுவனம், பங்கு வணிக நிறுவனங்களுக்காக ‘தகவல் பேருந்து’ என்னும் கருத்தை மென்பொருளாக்கியது. ஐபிஎம்மின் எம்கியூசீரிஸ் 1993இல் வந்தது. அமேசானின் எஸ்கியூஎஸ் சேவை 2006இலும் ரேபிட்எம்கியூ 2007இலும் வெளியாயின. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவான காஃப்கா 2011இல் திறமூலமாக்கப்பட்டது. இவற்றின் கன்சோல் அமைப்புகளைத் தந்தி விதிகளோடு ஒப்பிட்டால் உறவு புலப்படும். எஸ்கியூஎஸ் வரிசையில் எடுக்கப்படாத செய்தி இயல்பாக 4 நாள் தங்கும். அதிகபட்சம் 14 நாள் வரை நீட்டலாம். காஃப்காவின் இயல்புக் காலம் 168 மணி நேரம். பெற்றவர் ஏற்பு தெரிவிக்கத் தவறினால் செய்தி மீண்டும் வழங்கப்படும். ஆதலின் ஒரே செய்தி இருமுறை சேரவும் கூடும். பலமுறை முயன்றும் சேராதவை தனி வரிசையில் ஒதுக்கப்படுகின்றன. எத்தனை கணினிகள் படியெடுத்த பின் ஒரு செய்தியைப் ‘பெறப்பட்டது’ எனக் கொள்வது என்பதும் ஓர் எண்ணே. அதனைக் குறைத்தால் வேகம் கூடும், இழக்கும் வாய்ப்பும் கூடும்.

சுங்கச்சாவடியில் நிற்கும் லாரி

இவ்வகை எண்கள் நாமக்கல் லாரியைத் தொடும் இடம் சுங்கச்சாவடி. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. ஓமலூர், ராசம்பாளையம், வைகுந்தம் சாவடிகளில் படிக்கப்படும் ஒட்டுவில்லையின் செய்தி, சாவடியின் வங்கிக்கும், இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் இணைப்பகத்துக்கும், வில்லையை வழங்கிய வங்கிக்கும் அடுத்தடுத்துச் செல்கிறது. வண்டி கடந்த பின்னரும் பணம் கழியலாம் என்பதால் இது காத்திருப்பை உள்ளடக்கிய அமைப்பு. இருப்பு குறைந்த வில்லைகள் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. அப்பட்டியல் சாவடியை எப்போது எட்டுகிறது என்பதே சிக்கலின் மையம்.

கொடுப்பனவுக் கழகம் 2025 ஜனவரி 28 அன்று வெளியிட்டு பிப்ரவரி 17 முதல் நடைமுறைப்படுத்திய சுற்றறிக்கை இதற்கு ஒரு காலச் சாளரத்தை வகுத்தது. வில்லை படிக்கப்படுவதற்கு 60 நிமிடங்களுக்கு மேலாகவும் படிக்கப்பட்ட பின் 10 நிமிடங்கள் வரையிலும் அது செயலற்றிருந்தால், பரிமாற்றம் 176 என்னும் காரணக் குறியுடன் நிராகரிக்கப்படும். பட்டியல் சாவடியை அடையப் போதுமான அவகாசமாக அந்த 60 நிமிடம் கருதப்பட்டது எனக் கொள்ளலாம். சாவடியைக் கடப்பதற்குச் சற்று முன் பணம் ஏற்றினால் இனிச் செல்லாது என்ற பரவலான அச்சத்துக்குத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் இரண்டே நாளில் விளக்கம் அளித்தது. சுற்றறிக்கை இரு தரப்பு வங்கிகளுக்கிடையேயான பிணக்கைத் தீர்ப்பதற்கே. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் அனைத்தும் ஐசிடி 2.5 நெறிமுறையில் வில்லையின் நிலையை உடனுக்குடன் பெறுகின்றன. மாநில நெடுஞ்சாலைச் சாவடிகள் சில மட்டும் அவ்வப்போது புதுப்பிக்கப்படும் பட்டியலைச் சார்ந்த 2.4இல் உள்ளன என்பது அவ்விளக்கம்.

இவ்விளக்கம் அச்சத்தைத் தணித்ததை விட அமைப்பின் உள்ளமைப்பை வெளிப்படுத்தியதே ஆய்வாளருக்குப் பயன் தருவது. சாவடியில் உள்ள படி பழையதாயின், நாமக்கல்லில் உரிமையாளர் ஏற்றிய பணம் வேற்று மாநிலச் சாலையில் நிற்கும் வண்டிக்கு அக்கணத்தில் இல்லாத பணமே. சுங்கக் கட்டண விதியில் 2018 மே மாதம் செய்யப்பட்ட திருத்தம், செல்லத்தக்க வில்லையும் போதிய இருப்பும் உள்ள வண்டி, சாவடிக் கருவியின் பழுதால் செலுத்த இயலாவிடில் கட்டணமின்றிச் செல்லலாம் என்றது. தந்திச் சட்டத்தின் 9ஆம் பிரிவுக்கு நேர்மாறாக இழப்பைச் சாவடியின் மீது வைத்த விதி இது. இவ்வகையில் அதனை ஒரு திருப்பம் எனலாம். ஆனால் அது தேசிய நெடுஞ்சாலைகளுக்கு உரியது. மேலும் அது கருவியின் பழுதைப் பேசுகிறது. கருவி நன்றாக இயங்கியும் தாமதமாக வந்த செய்தியைப் பற்றி அது பேசவில்லை. சுற்றறிக்கையோ வங்கிகளிடையே இழப்பைப் பங்கிடுகிறது. தொலையாமலும் சேராமலும் நிற்கும் செய்திக்கான செலவை வண்டியோட்டி கையிலுள்ள ரொக்கத்தால் ஈடுசெய்யும் வாய்ப்பு இவ்விரண்டுக்கும் இடையில் எஞ்சுகிறது. 2025 நவம்பர் 15 முதல் தேசிய நெடுஞ்சாலையில் செல்லத்தக்க வில்லையின்றி ரொக்கம் செலுத்துவோருக்கு இருமடங்கும், யுபிஐ வழி செலுத்துவோருக்கு ஒன்றேகால் மடங்கும் என ஆனபின் இவ்வேறுபாட்டின் விலை துல்லியமாகவே கணக்கிடத்தக்கது.

விதி எங்கே பதிவாகிறது

1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துள்ளது. அதன் சில பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தன. தந்தி விதிகள் அரசிதழில் அச்சேறின. அவற்றின் மாற்றங்களை நூலகத்தில் தேடி எடுக்க இயலும். 60 நிமிடச் சாளரமும் சுற்றறிக்கையாக வெளிவந்ததால்தான் அதனை விவாதிக்க முடிந்தது. கன்சோல் திரையில் மாற்றப்படும் தங்கற்காலமோ மறுமுயற்சி எண்ணோ அவ்வாறு வெளியாவதில்லை. அமேசான் மேகக் கணிமையில் இத்தகைய மாற்றங்களின் நிகழ்வுப் பதிவு, தனியே சேமிக்க ஏற்பாடு செய்யாவிடில், 90 நாள் மட்டுமே காணக் கிடைக்கும்.