இரண்டு நட்சத்திரங்கள்: ஹெர்ன்ஹூட்டும் சான் ஃபெர்னாண்டோவும்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், போலந்து எல்லைக்குப் பக்கத்தில் ஹெர்ன்ஹூட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பிலிப்பைன்ஸில், மணிலாவுக்கு வடக்கே பம்பாங்கா மாகாணத்தின் தலைநகர் சான் ஃபெர்னாண்டோ. இரண்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தால் பெயர் பெற்ற ஊர்கள். ஞானிகளுக்குப் பெத்லகேமுக்கு வழிகாட்டிய விண்மீனைத்தான் இரண்டு நட்சத்திரங்களும் நினைவுபடுத்துகின்றன. இரண்டும் காகிதத்தில் பிறந்தவை, இரண்டுக்குள்ளும் விளக்கு எரிகிறது. ஒற்றுமை அத்தோடு முடிகிறது. செய்கிற கையிடம் ஒன்று துல்லியம் கேட்கிறது. மற்றது பிசகைப் பொறுத்துக்கொள்கிறது. பண்டிகைக்குத் தன் கையாலேயே ஏதாவது செய்து வாசலில் தொங்கவிட நினைப்பவருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் கணக்கு வகுப்பில் பிறந்தது. ஹெர்ன்ஹூட்டை மையமாகக் கொண்ட மொராவியச் சபை என்ற கிறிஸ்தவச் சபை நீஸ்கி என்ற ஊரில் நடத்திய உறைவிடப் பள்ளியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் காகித முனைகளை வெட்டி ஒட்டினார்கள். சபையாரின் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலருடைய பெற்றோர் மிஷனரிகளாகக் கிரீன்லாந்திலும் சூரினாமிலும் கரீபியன் தீவுகளிலும் இருந்தவர்கள். (இதே சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள்.) கிறிஸ்துமஸுக்கு வீடு போக வழியில்லாத அந்தப் பிள்ளைகள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று விடுதி அறையில் நட்சத்திரம் கோத்துத் தொங்கவிட்டார்கள். தாய் தகப்பனைப் பிரிந்திருந்த பிள்ளைகள் ஒரு கணக்குப் பாடத்தைப் பண்டிகையாக்கிக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

அதன் அமைப்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 18 சதுரங்களும் 8 முக்கோணங்களும் சேர்ந்து உருண்டைபோல் நிற்கிற 26 முக வடிவம்தான் அதன் உடம்பு. சதுரத்தின் மேல் நான்கு பட்டை முனை, முக்கோணத்தின் மேல் மூன்று பட்டை முனை. உச்சியில் ஒரு சதுரத்தை மட்டும் காலியாக விட்டு, விளக்கையும் கயிற்றையும் அந்த வழியாக இறக்குவார்கள். ஆக, நான்கு பட்டை முனைகள் 17, மூன்று பட்டை முனைகள் 8, மொத்தம் 25. ஒரு முனையின் அடிவிளிம்பு சற்று நீண்டுவிட்டாலும் பக்கத்து முனை சாய்ந்துகொள்ளும். அந்தச் சாய்வு அடுத்ததற்கும் தொற்றி, கடைசி முனை உட்கார இடமில்லாமல் போகும். அளவுகோலும் பொறுமையும் உள்ளவர்களுக்கே இது வாய்க்கும்.

அதனால்தான் இது சீக்கிரமே பட்டறைக்குப் போய்விட்டது. 1897இல் பீட்டர் ஹென்ட்ரிக் வெர்பேக் ஹெர்ன்ஹூட்டில் நட்சத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். முதலில் உலோக உடம்பில் முனைகளைச் செருகும் முறை இருந்தது. பிறகு உடம்பே இல்லாமல், முனைகளே ஒன்றையொன்று பிடித்து நிற்கும் முறை வந்தது. பட்டறையில் இன்றும் கையால்தான் ஒட்டுகிறார்கள். கடையில் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் நட்சத்திரம் கிடைப்பதில்லை, ஒரு பெட்டி நிறைய முனைகள்தான் கிடைக்கின்றன. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ அவற்றைக் குடும்பமாக உட்கார்ந்து கோக்கிறார்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு கழற்றி அதே பெட்டியில் அடுக்குகிறார்கள். செய்யும் வேலை தொழிற்கூடத்துக்குப் போனாலும் சேர்க்கும் வேலை வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரே நட்சத்திரத்தைப் பல ஆண்டுகள் பேணுகிற வழக்கம் இதனால்தான் சாத்தியமாகிறது. இந்த ஒரு விஷயத்தில் அதற்கு ஈடு சொல்ல முடியாது.

பிலிப்பைன்ஸ் நட்சத்திரத்துக்குப் பாரோல் என்று பெயர். அது வீட்டுக்குள் இருந்து எரிவதற்காக வந்ததல்ல. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், கோழி கூவும் நேரத்தில் நடக்கும் திருப்பலிக்குப் பெயர் சிம்பாங் காபி. பொழுது விடிந்தால் வயலுக்குப் போக வேண்டிய உழவர்கள் இருட்டிலேயே கோவிலுக்கு நடப்பார்கள். அவர்கள் கையிலும் அவர்கள் போகும் வழியோரத்து ஜன்னல்களிலும் இந்த விளக்கு எரிந்தது. ஐந்து முனையுள்ள இன்றைய வடிவத்தை 1908இல் பம்பாங்காவைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ எஸ்தனிஸ்லாவோ என்ற கைவினைஞர் முதலில் கட்டினார் என்று சொல்வார்கள்.

கட்டும் முறை எளிது. ஒரே நீளத்தில் பத்து மூங்கில் பிளாச்சு. ஐந்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம். மிச்ச ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். பிறகு, நடுவில் பிளாச்சுகள் ஒன்றையொன்று கடக்கும் ஐந்து இடங்களில் குட்டையான குச்சிகளை நெம்பிச் செருக வேண்டும். அந்தக் கணம்தான் அழகு: தட்டையாகக் கிடந்த சட்டம் வயிறு உப்பி எழுந்து நிற்கும். மெல்லிய வண்ணத்தாளைப் பசையிட்டு ஒட்டி, கீழ் முனைகள் இரண்டிலும் காகித வால்களைக் கட்டினால் பாரோல் தயார். ஒரு பிளாச்சு விரலளவு நீண்டிருந்தாலும் மூங்கில் வளைந்து கொடுக்கும், நூல் இழுத்துப் பிடிக்கும், தாள் மிச்சத்தை மூடிவிடும். அதனால்தான் அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இதைத் தயக்கமில்லாமல் செய்கிறார்கள், கையில் கிடைக்கிற பழைய பொருட்களைக்கூட வைத்து.

பாரோலும் வணிகமாகித்தான் இருக்கிறது. கபிஸ் சிப்பி ஓடுகளில் செய்தவை ஏற்றுமதியாகின்றன. சான் ஃபெர்னாண்டோவில் கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பரில், பேட்டைகளுக்கிடையே ராட்சத விளக்குப் போட்டி நடக்கிறது. ஏறத்தாழ 20 அடி உயரம், ஆயிரக்கணக்கான பல்புகள். அவற்றை இசைக்கேற்ப அணைத்து எரிக்கும் பழைய முறை வியக்கத்தக்கது. ஒரு பெரிய இரும்புப் பீப்பாய்மேல் கொண்டை ஊசிகள் உரசி நிற்கும். பீப்பாயில் ஒட்டுநாடா ஒட்டிய இடத்தில் மின்சாரம் பாயாது. வெறும் இரும்பு தொட்ட இடத்தில் பாயும். பீப்பாயைக் கையால் உருட்ட உருட்ட ஒளி பூப்பூவாக விரிந்து சுழல்கிறது. இவ்வளவு பிரம்மாண்டமான பிறகும் அடிப்படை மாறவில்லை. வெட்டுவது, கட்டுவது, ஒட்டுவது எல்லாம் பேட்டைக்காரர்களின் கையில்தான்.

ஆகவே என் தீர்ப்பைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். அழகிலும் ஆயுளிலும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் உயர்ந்தது. வீட்டில் செய்ய ஏற்றது பாரோல். அதைச் செய்யப் பிள்ளையின் கையே போதும், நிபுணர் வேண்டியதில்லை. மழையில் தாள் கிழிந்தாலும் மூங்கில் சட்டம் அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு புதுத் தாள் ஒட்டிக்கொள்ளலாம்.

நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளுக்கு இந்த வேலை அந்நியமல்ல. "ஸ்டார் கட்டியாச்சா?" என்று டிசம்பரில் பக்கத்து வீட்டாரைக் கேட்கிற ஊர்கள் அவை. மூங்கிலும் கலர் பேப்பரும் மைதா பசையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து கட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடையில் மடித்து விற்கும் அட்டை நட்சத்திரமும் பிளாஸ்டிக் நட்சத்திரமும் அந்த வேலையைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டன. வரும் டிசம்பரில் கடைக்குப் போவதற்கு முன்னால் பத்துப் பிளாச்சு சீவிப் பாருங்கள். குட்டைக் குச்சிகளைச் செருகும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். சூடேறாத சிறிய எல்.இ.டி. பல்பு போதும், தாள் பற்றிக்கொள்ளாது.