பனி மேல் தூவும் உப்பின் கதை

 

2025 இல் நாம் கடைக்குக் கடை உப்புத் தேடி அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மழை உப்பளங்களைக் கெடுத்துவிட்டது. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்க வேண்டி வந்தது. கனடாவிலோ பனிக்காலம் வந்தால் உப்பைத் தெருவில்தான் கொட்டுவார்கள். அந்நாட்டு அரசின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 50 இலட்சம் தொன் உப்பு அங்கே வீதிகளில் போடப்படுகிறது.

வேறு நாட்டுச் செய்தி என்று இதை விட்டுவிட முடியாது. கனடா, இங்கிலாந்து, தென் கொரியா, ருமேனியா என்று போன நம் பிள்ளைகளில் சிலருக்கு அதிகாலையில் எழும்பி கட்டட வாசல்களில் உப்புத் தூவுவதும் ஒரு வேலை. "உப்புப் போடப் போறன்" என்று தொலைபேசியில் சொன்னால், இங்கிருக்கும் உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் அது என்ன வேலை என்று விளங்குவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

உப்பு நமக்குப் புதிதல்ல. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கச்சான் காற்றிலும் வெயிலிலும் உப்பு விளைவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கொட்டியாரத் துறை கண்டி இராச்சியத்தின் கடல் வாசலாக இருந்த காலம் ஒன்று உண்டு. மலைநாட்டில் உப்பு விளையாது. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் ஏறும். திரும்பி வரும்போது பாக்கு வரும். அந்தத் தவளம் வணிகத்தில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். 1766 ஒப்பந்தத்தால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபோது, கண்டியின் உப்பும் அவர்கள் பிடிக்குள் போனது. ஒரு இராச்சியத்தையே நெருக்கக்கூடிய பொருளாக உப்பு இருந்தது.

அப்படிப்பட்ட உப்பு எப்படித் தெருவுக்கு வந்தது?

உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது மனிதருக்கு நெடுநாளாகத் தெரியும். 1724 இல் பரனைட்டு என்ற அறிஞர் தம் வெப்பமானியின் பூச்சியத்தைக் குறிக்க, பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவையைத்தான் பயன்படுத்தினார். பழைய காலத்தில் ஐஸ்கிறீம் செய்தவர்கள், பாத்திரத்தைச் சுற்றி ஐஸும் உப்பும் கொட்டிச் சுழற்றினார்கள். மீனுக்கு ஐஸ் கட்டி செய்யும் தொழிற்சாலைகளில், தண்ணீர் நிரம்பிய தகரங்கள் உப்புநீர்த் தொட்டிக்குள்தான் இறங்குகின்றன. தகரத்துள் இருக்கும் நன்னீர் கட்டியாகிவிடும். சுற்றியுள்ள உப்புநீர் பூச்சியத்துக்குக் கீழே போயும் நீராகவே நிற்கும்.

பாடம் இவ்வளவுதான்: உப்பு கரைந்த நீரின் உறைநிலை கீழே இறங்கும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய ஈரம் இருக்கும். உப்பு அதில் கரைந்து உப்புநீராகி, அடியில் இருக்கும் கட்டியையும் கரைத்துக்கொண்டு போகும். நூற்றுக்கு 23 பங்கு உப்பு கலந்த நீர் கழி 21 பாகை செல்சியசு வரை உறையாது. அது அறிவியல் சொல்லும் எல்லை. வீதியில் கழி 9 பாகைக்குக் கீழே போனாலே சாதாரண உப்பு சோம்பிவிடும்.

மோட்டார் வாகனம் பெருகும் வரை பனி பெரிய எதிரியாக இருக்கவில்லை. சக்கரமில்லாத சறுக்கு வண்டிகளுக்குப் பனி வேண்டியிருந்தது. கார் வந்தபின்தான் கறுப்புத் தார் தெரியும்படி வீதி துப்புரவாக இருக்க வேண்டும் என்றானது. முதலில் மணலும் சாம்பலும் தூவினார்கள். 1938 இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலம் பரிசோதனையாக உப்பைப் போட்டுப் பார்த்தது. 1941-42 பனிக்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்குப் போன உப்பு சுமார் 5,000 தொன். இன்று அது ஆண்டுக்குக் கோடித் தொன்னைத் தாண்டி நிற்கிறது.

இவ்வளவு உப்பும் நிலத்தடியிலிருந்து வருகிறது. கனடாவின் ஒன்ராறியோவில் கோட்ரிச் என்ற ஊரில் 1866 இல் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள்; கிடைத்தது உப்பு. 1959 இல் அங்கே தொடங்கிய சுரங்கம், ஹியூரன் ஏரிக்கு அடியில் சுமார் 550 மீற்றர் ஆழத்தில் இன்றும் இயங்குகிறது. உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். மலிவான உப்பு பக்கத்திலேயே கிடைத்ததும் கைகள் தாராளமாகின.

தாராளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயம். பல நகரங்களில் தன் வாசலில் பனியை அகற்றுவது கட்டட உரிமையாளரின் கடமை. தென் கொரியாவிலும் அப்படிச் சட்டம் இருக்கிறது. வழுக்கி விழுந்தவர் வழக்குப் போடலாம். ஒன்ராறியோவில், பனியில் விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2021 இல்தான் வந்தது. வழக்குக்குப் பயந்த உரிமையாளர் "இன்னும் போடு" என்பார். வேலைக்கு நிற்கும் பிள்ளை இன்னும் போடுவான்.

போட்ட உப்பு எங்கே போகிறது?

பனி உருகி மறையும், உப்பு மறையாது. வடிகாலுக்கும் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேரும். அதனால் கனடா அரசு ஐந்து ஆண்டு ஆய்வு செய்து, வீதி உப்பு சுற்றாடலுக்கு நஞ்சு என்று 2001 டிசம்பரில் அறிவித்தது. 2004 இல் வீதி உப்புக்கு ஒரு நடைமுறைக் கோவையும் வந்தது. அந்தக் கோவை பெரும்பாலும் பொது வீதிகளைப் பராமரிக்கும் நிறுவனங்களைப் பற்றியது. கடை வாசல், வாகனத் தரிப்பிடம், மாடிவீட்டுப் படி எல்லாம் உப்புப் பையைப் பிடித்தவரின் கையில்தான்.

கட்டடங்களும் தப்புவதில்லை. ஒன்ராறியோவின் எலியட் லேக் நகரில் 1980 இல் திறந்த ஒரு வணிக வளாகத்தின் கூரையிலேயே வாகனத் தரிப்பிடம் இருந்தது. கூரை தொடக்கம் முதலே ஒழுகியது. பனி உருக்கும் உப்பு கலந்த நீர் ஆண்டாண்டாக இறங்கி இரும்பு இணைப்பைத் தின்றது. 2012 ஜூன் 23 அன்று கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஒழுக்கைத் திருத்தாமல் விட்டவர்களையும் சரியாகப் பார்க்காத பொறியியலாளர்களையும் விசாரணை ஆணைக்குழு கடுமையாகக் கண்டித்தது. கடற்கரை வீட்டுக் கம்பிக்கு என்ன நடக்கும் என்று தெரிந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது சிரமமில்லை.

ஆகவே எதைத் தெரிவது என்பது முக்கியம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு, மலிவு. கழி 9 பாகை வரைக்கும் போதும். அதைவிடக் குளிர் என்றால் கல்சியம் குளோரைட்டு. கழி 25 பாகையளவிலும் வேலை செய்யும். கரையும்போது சூட்டை வெளிவிடும், ஈரத்தை உறிஞ்சும். வெறுங்கையால் அள்ளினால் தோல் புண்ணாகும், கையுறை கட்டாயம். கொரியாவில் இருப்பவர்கள் கூடுதலாகக் காண்பது இதைத்தான். மகனீசியம் குளோரைட்டு இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மூன்றிலும் குளோரைட்டு இருக்கிறது. இரும்புக்கு மூன்றும் பகை. பையின் மேல் மரம், இலை படம் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பின்பக்கத்தில் என்ன இரசாயனம் என்று வாசிக்கச் சொல்லுங்கள்.

நம் வயல்களுக்கு வீசும் யூரியாவும் பனி உருக்கியாக இருந்திருக்கிறது. குளோரைட்டு விமானத்தின் உலோகத்தை அரிக்கும் என்பதால் விமான ஓடுபாதைகளில் யூரியா தூவினார்கள். கழுவிப்போன யூரியா நீர்நிலைகளில் அமோனியாவாகி மீன்களைக் கெடுத்ததால், 2012 இல் அமெரிக்கா அதற்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இப்போது பொற்றாசியம் அசற்றேற்று போன்றவை பாவனையில் உள்ளன, விலை அதிகம். அமோனியம் சல்பேற்று, அமோனியம் நைத்திரேற்று உரங்களைக் கொங்கிறீட்டில் போடவே கூடாது. அவை கொங்கிறீட்டையே தாக்கும். புதிதாகப் போட்ட கொங்கிறீட்டுக்கு முதல் பனிக்காலத்தில் எந்த உருக்கியும் வேண்டாம், மணல் போதும். மணல் உருக்காது, ஆனால் கால் வழுக்காது.

பாவிக்கும் முறையும் எளிது. முதலில் சவளால் பனியை அள்ள வேண்டும். உப்பு மிஞ்சும் மெல்லிய படலத்துக்கு மட்டும். 20 அடி வாகனப் பாதைக்கு ஒரு பெரிய கோப்பை, சுமார் 350 மில்லிலீற்றர், போதும் என்று அங்குள்ள சுற்றாடல் அமைப்புகள் சொல்கின்றன. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு விழ வேண்டும். தரை காய்ந்தபின் மிச்சம் கிடந்தால் கூட்டி அள்ளி அடுத்த முறைக்கு வைக்கலாம்.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர்கள் 2004 டிசம்பர் 26 ஐ நினைத்துப் பார்க்கட்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் கடல் உள்ளே வந்து சில நிமிடங்களில் திரும்பிப் போனது. கிணற்றுக்குள் விட்டுப்போன உப்பு திரும்பிப் போகவில்லை. இறைத்து இறைத்துப் பார்த்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்து இன்னும் உப்புநீர் ஏறியது. மழை பெய்து பெய்துதான் மெல்ல மெல்லக் குறைந்தது. நமக்கு ஒரு நாளில் வந்ததை, அங்கே ஒவ்வொரு பனிக்காலமும் ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கைப்பிடிகளில் சில நம்முடையவை.

ஆணத்துக்கு உப்பு எவ்வளவு என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் அளந்து கொடுப்பதில்லை, கை அறியும். அந்தக் கையறிவோடு போன பிள்ளைகள் அங்கேயும் அளவறிந்து தூவினால், விழ இருந்த ஒரு முதியவர் விழமாட்டார், யாரோ ஒருவரின் கிணறும் கரிக்காது. குளிர்நாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கோ மச்சானுக்கோ இந்தப் பதிவை அனுப்பிவிடுங்கள். அங்கே வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். நம் மாணவர்களுக்கும் அது பாடமாகும்.