மகளிர் ஆசியக் கோப்பை: லீக் சுற்றில் இந்தியா

மகளிர் ஆசியக் கோப்பைக் கால்பந்து 1975-ல் ஹாங்காங்கில் தொடங்கியது. இப்போதைய முறைப்படி 12 அணிகள், நான்கு அணிகள் கொண்ட மூன்று குழுக்கள். குழுவுக்குள் ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் மோதுவதே லீக் சுற்று. வென்றால் 3 புள்ளி, டிராவுக்கு 1. ஓர் ஆட்டத்தில் சறுக்கினாலும் அடுத்ததில் ஈடுகட்டலாம். குழுவில் மூன்றாவதாக வந்தாலும் காலிறுதிக்கு வழி உண்டு.

இந்தியா இதில் பழைய அணி. 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்தபோதும், 1983-ல் பாங்காக்கிலும் இரண்டாமிடம் பிடித்தது. அந்தப் பெருமையைக் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டும்: சீனா இப்போட்டிக்கு வந்ததே 1986-ல்தான். வந்ததிலிருந்து தொடர்ந்து ஏழு முறை கோப்பையை வென்றது. 2003-க்குப் பிறகு 2025 வரை இந்தியா தகுதிச் சுற்றையே தாண்டவில்லை.

2022-ல் போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேரடி இடம் கிடைத்தது. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் அந்த அணியில் இருந்தார். சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன், கார்த்திகா அங்கமுத்து ஆகிய தமிழக வீராங்கனைகளும் இருந்தார்கள். தமிழ்நாடு 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தேசியப் பட்டம் பெற்றதன் தொடர்ச்சி இது.

ஜனவரி 20 அன்று நவி மும்பையில் ஈரானுடன் 0-0. கோல் மட்டும் விழவில்லை, மற்றபடி ஆட்டம் இந்தியாவின் கையில்தான். 23-ம் தேதி சீன தைபேயுடன் ஆட வேண்டும். அதற்குள் முகாமில் கொரோனா பரவிவிட்டது. விதிப்படி குறைந்தது 13 பேரைப் பட்டியலிட வேண்டும், முடியவில்லை. இந்தியா விலகியதாகக் கருதப்பட்டது. ஈரானுடன் ஆடியதும் செல்லாததானது, முதன்முறை வந்திருந்த ஈரானின் அந்த ஒரு புள்ளியும் போயிற்று. 2023 உலகக் கோப்பைக்கான வாசலும் காலிறுதியில்தான் இருந்தது. தொற்றுக் காலத்தில் எல்லா அணிக்கும் பொதுவான விதிதான். ஆனால் ஆட்டத்தைச் சில நாள் தள்ளிவைக்காதது நல்ல முடிவு அல்ல.

2025-ல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் அடுத்த கோப்பைக்கான தகுதிச் சுற்று. குழுவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே இடம். இந்தியா மங்கோலியாவை 13-0, திமோர்-லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என வீழ்த்தியது. தாய்லாந்தும் மூன்றையும் வென்றிருந்தது. இரண்டுக்கும் 9 புள்ளி, 22 கோல் வித்தியாசம், இம்மியும் பிசகவில்லை. ஜூலை 5 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில் சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் அடிக்க, இந்தியா 2-1 என வென்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை.