ஜெராக்ஸ் எடுத்த ஆறு

இன்னைக்கு எபிசோடோட ஹீரோ, மொத்தமே 300 மீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு கால்வாய். மேலேர்ந்து கீழ வரைக்கும் இறக்கம் சுமார் 4 மீட்டர். நடந்து போனா அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. கயாக்ல இறங்கினா அது வேற கதை.

இடம், ஜெர்மனியோட ஆக்ஸ்பர்க் நகரம். லெக் ஆத்துல குளிர்காலத்துல மிதந்து வர்ற பனிக்கட்டி, ஊருக்குத் தண்ணி ஏத்துற நிலையத்துக்குள்ள போய் இயந்திரங்களைக் கெடுத்துடக் கூடாதுன்னு அதைத் திருப்பிவிட வெட்டின வாய்க்கால் இது. அதனால பேரே ஐஸ்கனல், அதாவது பனிக்கட்டிக் கால்வாய். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல கனூ ஸ்லாலம் முதல்முறையா நுழைஞ்சப்போ, இந்த வாய்க்காலைத்தான் கான்கிரீட் போட்டு மாத்திக் கட்டினாங்க.

ஸ்லாலம்னா, தண்ணிக்கு மேல ஜோடி ஜோடியா கம்பு தொங்கும். அதுக்கு நடுவுல புகுந்து போகணும். சிலதுல ஓட்டத்தை எதிர்த்து மேல ஏறணும். கம்பைத் தொட்டா, எடுத்துக்கிட்ட நேரத்தோட அபராத விநாடிகள் சேரும். அதுவரைக்கும் இதை நிஜ ஆறுகள்ல நடத்திட்டிருந்தாங்க. மழை பெஞ்சா, பனி உருகினா, நேத்து பார்த்த ஆறு இன்னைக்கு இருக்காது. ஐஸ்கனல்ல அந்தப் பிரச்சினை இல்லை. எவ்வளவு தண்ணி விடணும்னு மனுஷன் முடிவு பண்ணலாம். பாறைக்குப் பதிலா கான்கிரீட் மேடு. சுழல் எங்க உருவாகணும்ங்கறதே டிசைன்.

ஆனா டிசைன் பண்ணினதை காப்பி பண்ணலாம் இல்லையா?

கிழக்கு ஜெர்மனி அதைத்தான் செஞ்சது. ஸ்விக்காவ் ஊர்ல அதே மாதிரி ஒரு கால்வாயைக் கட்டி, அவங்க வீரர்களை அதுல பழக்கினாங்க. நம்ம பாஷையில சொன்னா, ப்ரொடக்‌ஷனுக்கு அச்சு அசலா ஒரு டெஸ்ட் என்விரான்மென்ட்.

அந்த நாட்டுக்கு அப்போ இது வெறும் விளையாட்டு இல்லை. 1968ல ரெண்டு ஜெர்மனியும் தனித்தனி அணியா வந்தாலும், கொடியும் கீதமும் பொதுதான். கோடைக்கால ஒலிம்பிக்ஸ்ல கிழக்கு ஜெர்மனி சொந்தக் கொடி, சொந்த கீதத்தோட வந்தது 1972லதான். அதுவும் மேற்கு ஜெர்மனி மண்ணுல.

ஆகஸ்ட் 28லேர்ந்து 30 வரைக்கும் போட்டி. மொத்தம் நாலு தங்கம். நாலும் கிழக்கு ஜெர்மனிக்கு! கால்வாயைக் கட்டின மேற்கு ஜெர்மனிக்கு அதுல மூணு போட்டியில வெள்ளி. வீடு கட்டினவர் வாசல்ல நிக்க, பக்கத்து வீட்டுக்காரர் பால் காய்ச்சின மாதிரி.

இது ஏமாத்து வேலையா? எனக்கு அப்படித் தோணலை. மேற்கு ஜெர்மனிக்காரங்களுக்கு ஒரிஜினலே சொந்த ஊர்ல இருந்துச்சே. நிஜமான அநியாயம், ஒரிஜினலும் இல்லாம நகலும் இல்லாம வந்தவங்களுக்குத்தான். அப்படி அமெரிக்காவிலேர்ந்து வந்த ஜேமி மெக்யூவன், ஒத்தை ஆள் கனூவுல வெண்கலம் ஜெயிச்சார். இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் அவர்தான்.

அடுத்த ஒலிம்பிக்ஸ்லயே ஸ்லாலத்தைத் தூக்கிட்டாங்க. ஒவ்வொரு முறையும் இப்படி ஒண்ணு கட்டறதுன்னா சும்மாவா? 20 வருஷம் கழிச்சு, 1992 பார்சிலோனாலதான் திரும்ப வந்துச்சு. 1996ல மட்டும் அமெரிக்காவோட ஒகோயீ ஆத்துல, நிஜ ஆத்துப் படுகையையே திருத்தி நடத்தினாங்க. 2012 லண்டன்ல பம்பு வெச்சுத் தண்ணியை மேல ஏத்தினாங்க. இன்னைக்கு ஒலிம்பிக்ஸ் ஸ்லாலம்னாலே கான்கிரீட்தான். ஆத்தைப் படிக்கிற கலை இதுல கொஞ்சம் தேஞ்சுபோச்சுன்னு நான் நினைக்கிறேன்.

ஐஸ்கனல் இன்னும் ஓடுது. 2019ல ஆக்ஸ்பர்க்கோட நீர் மேலாண்மை அமைப்பு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தப்போ, இதுவும் அதுல ஒரு பகுதி. 1972 போட்டி நடந்தப்போ அந்த ஊர்ல எலிசபெத் மிஹெலர்னு ஒரு ஆறு வயசுப் பொண்ணு இருந்தா. 1992ல, ஒண்ணா சேர்ந்த ஜெர்மனிக்காக, பெண்கள் கயாக் ஸ்லாலம் தங்கத்தை ஜெயிச்சது அவங்கதான்.