எருக்கந்தூணும் மஞ்சள் ஒளிக்கோடும்

தொண்டை நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டு. அவற்றுள் ஒன்று, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே விளங்கும் வடதிருமுல்லைவாயில். மாசிலாமணி ஈசுவரரும் கொடியிடை நாயகியும் எழுந்தருளிய அத்திருக்கோயிலின் கருவறைக்கு முன்னே இரண்டு தூண்கள் நிற்கின்றன. புழற்கோட்டைக் குறும்பரை வென்ற தொண்டைமான் அங்கிருந்து கொணர்ந்து நிறுத்திய வெள்ளெருக்கந் தூண்கள் அவை என்பது தலவரலாறு.

இன்று அத்தலத்தைச் சூழ்ந்திருப்பது முல்லைக் காடு அன்று. ஒருபால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஒருபால் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலை. பகலெல்லாம் இரும்பை மயிரிழையளவும் பிழையாது அளக்கும் கைகள், மாலையில் அச்சந்நிதியில் குவிகின்றன. அக்கைகளுக்கு உரிய இளைஞர் வினவுகின்றனர்: ‘எருக்கு புதர்ச்செடி ஆயிற்றே, அது தூணாவது எங்ஙனம்?’ கேட்பதே பாவம் என்று சினப்பார் சிலர். விஞ்ஞானமே இதற்கு முன் தோற்றுவிட்டது என்று பெருமிதம் கொள்வார் வேறு சிலர். இவ்விரண்டும் சைவநெறி ஆகா என்பதையே நாம் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

முதலில் வரலாறு கூறுவதைக் காண்போம். தொண்டைமானின் களிற்றை முல்லைக்கொடி பிணித்ததும், அதுவே வாயிலாக இறைவன் வெளிப்பட்டதும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் இத்தலத்துப் பதிகத்தில் போற்றிய செய்தி. ஆதலின் அவர் காலத்திலேயே அது நாடறிந்திருந்தது. கொடியை அரிந்த வாள் இலிங்கத் திருமேனியில் பட்ட வடுவும், அதனை மூடிய சந்தனக் காப்பும், எருக்கந் தூண்களும் தலபுராணம் விரித்துரைப்பவை. பத்தாம் நூற்றாண்டில், உத்தம சோழன் காலத்தில், அவன் அன்னை செம்பியன் மாதேவியார் பொருட்டு அம்பத்தூர், கொரட்டூர் மக்கள் இக்கோயிலுக்கு நிலம் விற்றமை கல்வெட்டில் உள்ளது. பதிகம், புராணம், கல்வெட்டு என்னும் மூன்றும் மூவகைச் சான்றுகள். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு மயங்குதல் கூடாது.

இத்தெளிவு மேலை நாட்டார் தந்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தைத் தொடங்கும்போதே அளவை இயல் கூறினார். அளவைகள் பலவாயினும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்றார். காட்சியிலும் ஐயம் உண்டு, திரிபு உண்டு என எச்சரித்தார். இருளில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்று துணிவது திரிபு. ஐயம் குற்றமாயினும் ஆராய்ச்சிக்கு வழிவிடும். திரிபோ, தன்னைத் தெளிவென்றே எண்ணியிருக்கும்.

விளங்காததன் முன் விஞ்ஞானம் எவ்வாறு நிற்கிறது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18இல் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. பிரான்சு நாட்டு ஜான்சன் குண்டூரிலும், சென்னை வானாய்வுக் கூடத்துப் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நின்று அதனை நோக்கினர். கதிரவன் விளிம்பின் ஒளியைப் பகுத்தபோது ஒரு மஞ்சள் கோடு தோன்றிற்று. முதலில் அது சோடியத்தின் கோடு என்று கருதப்பட்டது. நுணுகி அளந்தபின் அன்று எனத் தெளிந்தது. மண்ணுலகில் அறிந்த எப்பொருளின் கோட்டோடும் அது பொருந்தவில்லை. ஆங்கிலேயராகிய லாக்கியர் முதலியோர் அதனைப் புதியதொரு தனிமத்தின் அடையாளமாகக் கொண்டனர். கதிரவன் பெயரால் அது ஹீலியம் எனப்பட்டது. பலர் ஐயுற்றனர். இருபத்தேழு ஆண்டுகள் கழிந்து, 1895இல், இலண்டனில் ராம்சே ஒரு கனிமத்திலிருந்து அவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். அத்தனை ஆண்டும் அக்கோடு ‘விளங்காதது’ என்ற பெயரோடு காத்திருந்தது. அதனை மறைத்தாரும் இல்லை. அற்புதம் என்று கூறி ஆராய்ச்சியை முடித்தாரும் இல்லை.

சுந்தரர் முதலையுண்ட பாலனை மீட்டருளிய அவிநாசியில், 1871ஆம் ஆண்டு டிசம்பர் 12இல், அடுத்ததொரு முழுக் கிரகணத்தைச் சென்னை வானாய்வுக் கூடத்தார் கண்டனர். அக்குழுவில் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கக் கணித மரபில் வந்த அவர், தொலைநோக்கியால் கண்டதைக்கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தல் வேண்டும் என்று வாதிட்டார். இதில் வியப்பில்லை. புராணம் பாம்பென்று சொல்லும் இராகுவையும் கேதுவையும், கதிரவன் வழியும் திங்களின் வழியும் வெட்டிக்கொள்ளும் இடங்களாக நம் கணிதர் முன்னமே வைத்திருந்தனர். பாம்பைச் சொல்லி நீராடியதும், புள்ளியைக் கொண்டு நாழிகை கணித்ததும் ஒரே வீட்டில் நிகழ்ந்தன.

அவ்வாறாயின் சமயத்தின் பணி யாது? சங்கிலியாருக்குச் செய்த சூளுறவைப் பிழைத்துத் திருவொற்றியூரை நீங்கிய சுந்தரர் பார்வை இழந்தார். அந்நிலையில் அவர் வந்த தலமே முல்லைவாயில். கண் எந்நோயால் ஒளி இழக்கும் என்பது மருத்துவர் ஆராய வேண்டியது. அதனை அவரிடமே விடுதல் வேண்டும். இருள் சூழ்ந்தபோது யாரை நினைப்பது, தன் பிழையை எங்ஙனம் ஏற்பது, எவ்வாறு மேலும் நடப்பது என்பவை மருத்துவ நூலில் விடை காணாதவை. சுந்தரர் தம் இழப்பை மறைக்காமல் பாடினார், படும் துயரைக் களையுமாறு வேண்டினார், நடந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார்; காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது பெரிய புராணம். அத்திருவெண்பாக்கத்துப் பழங்கோயில் பின்னாளில் பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. இறைவனைக் கரையில் புதுக்கோயில் எடுத்து எழுந்தருளச் செய்தனர். இடம் மாறியது, ஊன்றுகோலின் பொருள் மாறவில்லை.

எருக்கந் தூணுக்கு வருவோம். ஒரு மரம் இன்னதென்பதை அதன் சிறு சீவலை நுண்ணோக்கியில் வைத்து அறியலாம். வழிபாட்டிற்கு ஊறின்றி அதனைச் செய்தல் கூடுமாயின் நாம் அஞ்ச வேண்டுவதில்லை. எருக்கு எனின் மகிழ்வோம். வேறு மரம் எனின், அதனைத் தொட்டு வணங்கியோர் கண்ணீர் பொய்யாகிவிடாது. மனித அறிவு எட்டாத மூலையில்தான் இறைவன் உறைகின்றான் என்போமாயின், அறிவு வளருந்தோறும் அவன் இருக்கையைச் சுருக்கியவராவோம். விளங்கியதிலும் விளங்காததிலும் நீக்கமற நிறைந்தவன் அவன் என்பதன்றோ சித்தாந்தம்! ஆகவே, வினவும் பிள்ளைகளைச் சினந்து விலக்காதீர்கள். அளவையில் தெளிவும் அன்பில் உறுதியும் ஒருங்கே அவர்கட்கு வாய்க்குமாறு மாசிலாமணியின் திருவருளை வேண்டி அமைவோம்.

திருச்சிற்றம்பலம்.