மார்பில் எழுதிய பெயர்

கேரளத்தின் ஏலப்பாறைத் தோட்டங்களில் கே.எஸ்.இ.பி. எனும் மாநில மின்வாரியம் என்றால் கரண்டு ஆபீஸ். பெருமழையில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழும்போது திட்டுவதற்கு வாகான பெயர். அதே எழுத்துகளை மார்பில் தாங்கிய ஒரு கூடைப்பந்து ஜெர்சியும் உண்டு. அதைப் போட்டு ஆடிய பெண்களில் சிலர் இந்தியாவுக்கும் ஆடியவர்கள்.

இந்த ஆட்டம் பிறந்தபோது ஜெர்சியும் இல்லை, அணிக்குப் பெயரும் இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பத்தடி உயரத்தில் இரண்டு பழக்கூடைகளை அடித்து மாட்டினார். 18 மாணவர்கள், பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒரு கால்பந்து. அன்று கூடைக்குள் விழுந்தது ஒரே ஒரு பந்து. அதே பள்ளியில் படித்த ஹாரி க்ரோ பக் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற டிரில் மாஸ்டர்கள் போன ஊர்களுக்கெல்லாம் விளையாட்டுகளும் கூடவே போயின.

பள்ளி, கல்லூரி முடிந்தபின் ஆட்டம் யாருக்குச் சோறு போடும்? அமெரிக்காவில் டிக்கெட் வாங்கிய கூட்டம் போட்டது. இங்கே ரயில்வேயும் வங்கிகளும் மின்வாரியமும் போட்டன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, கையில் மாதச் சம்பளம், நெஞ்சில் ஆபீஸ் பெயர். இதைத் தொழில்முறை அணி என்று யாரும் அழைப்பதில்லை. என் கணக்கில் நம் நாட்டில் நிலைத்த தொழில்முறை அணிகள் இவைதாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேசியப் போட்டியில் ரயில்வேக்குத் தனி அணி. சங்கனாசேரிக்காரரான ஆறடி இரண்டங்குல கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வேயில் சேர்ந்ததால் ரயில்வேக்கு ஆடினார். எதிரே கேரளம் நின்றால் சொந்த மாநிலத்தையே தோற்கடிக்க வேண்டும். மின்வாரியத்தில் சேர்ந்த வயநாட்டு பி.எஸ். ஜீனாவோ கேரளத்துக்கு ஆடினார். ஒருத்தி எந்த மாநிலத்துக்காரி என்பதை வேலை உத்தரவு தீர்மானித்தது. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் கேரளப் பெண்கள் ரயில்வேயை வீழ்த்திப் பட்டம் வென்றார்கள். அதே ஆண்டு ஆசிய விளையாட்டில் ஜீனா இந்தியாவின் கேப்டன். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு 2006-ல் கீது போனார், 2019-ல் ஜீனா போனார்.

ஆபீஸ் பெயரைச் சுமப்பதில் இளக்காரம் ஒன்றும் இல்லை. பிலிப்பைன்ஸில் 1975-ல் தொடங்கிய லீக்கில் ஊர்ப் பெயரே கிடையாது, எல்லாம் கம்பெனிப் பெயர்தான். சான் மிகுவேல் அணி ஆரஞ்சு பானம், பீர், பெட்ரோல் என்று முதலாளி விற்ற சரக்குக்கேற்பப் பெயர் மாற்றிக்கொண்டே வந்தும் ரசிகர் கூட்டம் விடாமல் பின்னால் வருகிறது. ஊர்ப் பெயர் மட்டும் என்ன உறுதி? ஏரிகள் நிறைந்த மினசோட்டாவிலிருந்து 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிய அணி, லேக்கர்ஸ் என்ற பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

நம்மிடமும் ஊர்ப் பெயர் அணிகள் வந்து பார்த்தன. 2015-ல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் 2017-லேயே நின்றது. 2022-ல் வந்த ஐ.என்.பி.எல். லீக்கில் சென்னை ஹீட்டோடு கொச்சி டைகர்ஸும் இருந்தது. வண்ண ஜெர்சி, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், பாட்டு, வெளிச்சம் எல்லாம் உண்டு. சீசன் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். மின்வாரியத்தில் நுழைந்தவர் முட்டி தேய்ந்து ஆட்டத்தை விட்டாலும் ஓய்வு பெறும் வயதுவரை ஊழியர். பீர்மேடு தாலுகாவில் உயரமான மகளைப் பெற்ற ஒரு தோட்டத் தொழிலாளி கோச்சிடம் டைகர்ஸைப் பற்றி விசாரிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இந்த வருஷம் எத்தனை போஸ்டு, சாரே, என்றுதான் கேட்பார்.